எலியின் சாவில் யாருக்குப் பங்கு?

கேமரன் மலையில் மருந்து என்ற சொல்லுக்குப் பல வேலை. காய்ச்சலுக்குக் கிளினிக்கில் வாங்கிக் குடிப்பது மருந்து. முட்டைக்கோசில் புழு விழுந்தால் அடிப்பதும் மருந்துதான், தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லைக் கருக்குவதும் மருந்துதான். ‘மருந்தடிக்கப் போயிருக்கிறாள்’ என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் ஒருவரும் மருத்துவமனையை நினைப்பதில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் திரிங்காப்பை நெருங்கும்போது சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைகள் தெரியும். அவற்றின் கீழே காய்கறி, அப்பால் தேயிலை. இரண்டுக்கும் அடிக்கிற ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் ஒரு நிறப்பட்டை இருக்கும், பட்டைக்கு மேலே எச்சரிக்கை வாசகம் இருக்கும். அந்தப் பட்டைக்கு என்ன நிறம் என்பதை முடிவு செய்வதில் பெரும்பங்கு ஏதோ ஒரு நாட்டு ஆய்வுக்கூடத்தில் செத்த எலிகளுடையது. விலங்குகளை அறுப்பதும் அவற்றின் மீது நஞ்சைச் சோதிப்பதும் அறமா என்ற கேள்வியை நகரத்துக் கல்லூரி விவாத மேடைக்கு உரியதாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அந்தக் கேள்வி இந்த மலையில், முதுகில் பம்பைச் சுமந்து போகிறவரின் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வழக்கில் இரு தரப்பும் வழக்கமாக ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்றுதான் வாதாடுகின்றன. விலங்குக்கு வலிக்கிறது, ஆகவே கூடாது என்கிறது ஒரு தரப்பு. மனிதருக்குப் பயன் இருக்கிறது, ஆகவே வேண்டும் என்கிறது மற்றொன்று. விலங்குக்கு வலிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எலிக்கும் முயலுக்கும் வலியும் அச்சமும் உண்டு என்று மெய்ப்பிக்க இன்னொரு சோதனை தேவையில்லை. இரண்டாவது தரப்பின் சொல்லைத்தான் இந்தக் கட்டுரை பிடித்துக்கொள்கிறது. பயன் என்றால் யாருக்கு? எப்போது? ஓர் உயிரைக் கொன்று தெரிந்துகொண்ட செய்தி, அது யாரைக் காக்கும் என்று சொல்லப்பட்டதோ அவரிடம் போய்ச் சேர்ந்ததா? சேரவில்லை என்றால், அந்தக் கொலைக்குச் சொன்ன நியாயம் அங்கேயே செத்துவிடுகிறது. சோதனையின் அறம் ஊசி போடும் நாளில் தொடங்கலாம், ஆனால் அன்றைக்கே முடிந்துவிடுவதில்லை. முடிவு கைக்கு வந்த பிறகு அதை வைத்து என்ன செய்தோம் என்பதும் அந்த அறத்தின் பகுதிதான். இந்த இரண்டாம் பாதியைக் கணக்குப் பார்ப்பவர் குறைவு.

நிறப்பட்டைக்குப் பின்னாலிருக்கும் கணக்கைப் பார்ப்போம். 1927இல் டிரெவன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். விலங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கொரு அளவில் ஒரு பொருளைக் கொடுத்து, எந்த அளவில் சரிபாதி சாகின்றன என்று எண்ணுவது. எல்.டி. 50 என்பது அதன் பெயர். பாதியைக் கொல்லும் அளவு என்று பொருள். இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்றவற்றின் வீரியம் தொகுதிக்குத் தொகுதி மாறிய காலத்தில் அதை அளக்கப் பிறந்த முறை இது. பின்னால் உலகத்தின் எல்லா நஞ்சுக்கும் அதுவே அளவுகோல் ஆயிற்று. ஒரு பொருளுக்கு 40, 60, சில வேளை 100 விலங்குகள்கூடச் செத்தன. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. இந்தப் பழைய முறையைத் தன் வழிகாட்டுதல்களிலிருந்து 2002இல்தான் நீக்கியது. குறைந்த எண்ணிக்கையில் விலங்குகளைக் கொண்டு செய்யும் முறைகள் அதன் இடத்துக்கு வந்தன. பூச்சிக்கொல்லிகளை ஆபத்து வாரியாகப் பிரிக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இன்றும் முதன்மையாக எலியின் எல்.டி. 50ஐ வைத்தே நிற்கிறது.

இனி பாராகுவாட். கிராமோக்சோன் என்ற பெயரில் மலேசியத் தோட்டங்களில் இரண்டு தலைமுறை அறிந்த களைக்கொல்லி இது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. எலியைக் கொண்டு அளந்தபோது இது இரண்டாம் வகுப்பில், அதாவது ‘மிதமான ஆபத்து’ என்ற வகுப்பில் விழுந்தது. ஆனால் எலி ஒரே விலங்கு அல்ல. கினிப்பன்றிக்கும் பூனைக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தபோது, எலியைச் சாய்ப்பதற்குத் தேவைப்பட்ட அளவில் பாதியோ அதற்கும் குறைவோ போதுமாக இருந்தது. மனித உடல் எலியின் பக்கம் நிற்கவில்லை, குரங்கின் பக்கம் நிற்கிறது. அந்தப் பொருள் நுரையீரலில் போய்த் தங்கி, அதைத் தழும்பாக்கி, மூச்சு விடவே முடியாதபடி செய்கிறது என்பதும் எலிகளின் நுரையீரலை ஆராய்ந்தே விளக்கமாகத் தெரிந்தது. மாற்று மருந்து கிடையாது என்பதும் தெரிந்தது. தவறுதலாக விழுங்கி இறந்த மனிதர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் 1966இலேயே அச்சேறிவிட்டன. எலி, கினிப்பன்றி, பூனை, குரங்கு, கடைசியில் மனிதர் என்று இத்தனை சாவும் சொன்ன செய்திக்கு வகுப்புப் பட்டியலில் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு: உள்ளே போனால் தாமதமாகக் கடும் விளைவு உண்டு, அடர்ந்த மருந்தை விழுங்கினாலோ தோலில் பரவவிட்டாலோ உயிருக்கே ஆபத்து என்று. வகுப்பு மாறவில்லை.

அந்த அடிக்குறிப்புக்கும் தோட்டத்துக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். அடர்ந்த மருந்தைத் தண்ணீரில் கலக்கிறவர் கையுறை இல்லாமல் கலக்கிறார், அல்லது ஓட்டை விழுந்த கையுறையோடு கலக்கிறார். முதுகில் ஏற்றிய பம்பின் மூடி கசிந்து, சட்டை நனைந்து, இடுப்புவரை இறங்குகிறது. சரிவில் மேலே நிற்பவர் அடிக்கும் மருந்தைக் காற்று கீழே நிற்பவரின் முகத்துக்குக் கொண்டுவருகிறது. ஆய்வுக்கூடத்தில் எலியின் முதுகில் மயிரை மழித்து, அளந்து தடவி, கட்டுப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவிவிடுவார்கள். தோட்டத்தில் கடிகாரம் பார்க்கிறவர் மண்டோர் என்ற மேற்பார்வையாளர். அவர் பார்ப்பது வேலை முடிகிற நேரத்தை. ஐரின் பெர்னாண்டஸ் வழிநடத்திய தெனாகானித்தா அமைப்பும், பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக இயங்கும் ஆசிய பசிபிக் கூட்டமைப்பும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. மூக்கில் இரத்தம், நகம் கறுத்துக் கழன்று விழுதல், கண் மங்கல், தோல் எரிச்சல், ஓயாத தலைச்சுற்றல் என்று அந்தப் பெண்கள் சொன்னவை புதிய செய்திகளே அல்ல. பாராகுவாட் நகத்தை அழிக்கும் என்பதும், பூச்சிமருந்துகளில் பல நரம்பைத் தாக்கும் என்பதும் அறிவியல் ஏடுகளில் எப்போதோ எழுதப்பட்டிருந்தன. எழுதப்பட்டது வந்துசேராத இடத்தில் அதே சோதனை மறுபடி நடந்தது, இந்த முறை சம்பளம் வாங்கும் மனிதர்கள் மீது.

பிறகு நடந்ததும் சொல்லப்பட வேண்டும். 2002 ஆகஸ்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் உள்ளிட்டோர், மாற்று மருந்துக்குச் செலவு கூடும் என்று முறையிட்டார்கள். 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது, மேலும் ஆய்வு தேவை என்ற காரணத்தோடு. ஸ்வீடன் 1983இலேயே பாராகுவாட்டை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான அனுமதியை ரத்து செய்தது. நம் நாட்டில் முழுத்தடை நடைமுறைக்கு வந்த நாள் 2020 ஜனவரி 1. முதல் அறிவிப்பிலிருந்து 17 ஆண்டுகளுக்கு மேல். ‘மேலும் ஆய்வு’ என்ற சொல் எவ்வளவு நல்ல சொல்! ஆனால் குரங்கும் கினிப்பன்றியும் 40 ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்ட கேள்வியை மறுபடி கேட்பது, அந்த விலங்குகளின் சாவை வீணென்று எழுதித் தள்ளுவதற்குச் சமம்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. நீங்கள் சொல்வது நிர்வாகத்தின் குற்றம், சோதனையின் குற்றம் அல்லவே. எலி சரியாகத்தான் சொன்னது, கேட்காதவர்கள் மனிதர்கள். அதற்காகச் சோதனையை ஏன் குறை சொல்ல வேண்டும்? விடை, சோதனைக்கு அனுமதி கொடுக்கிற முறையிலேயே இருக்கிறது. இன்று உலகெங்கும் அறக்குழுக்கள் ஒரு தராசைப் பிடிக்கின்றன: ஒரு தட்டில் விலங்கின் துன்பம், மறு தட்டில் எதிர்பார்க்கும் பயன். துன்பம் உறுதியானது, அன்றைக்கே நடக்கப் போவது. பயன் ஒரு வாக்குறுதி. கடன் கொடுக்கிறவர் யாரானாலும் முன்பு வாங்கிய கடனைத் திருப்பினானா என்று விசாரிப்பார். விலங்கின் உயிரைக் கடனாகக் கொடுக்கிற குழு மட்டும் பெரும்பாலும் அதை விசாரிப்பதில்லை. பயன் வந்து சேரும் வழி பல வேளை அடைபட்டே கிடக்கிறது என்று தெரிந்த பிறகும், பயனை முழு எடையாகத் தராசில் வைப்பது தவறான நிறுவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி, கடுமையான துன்பம் தரும் சோதனைகளும் குரங்கினங்கள் மீதான சோதனைகளும் முடிந்த பின், சொன்ன நோக்கம் நிறைவேறியதா என்று திரும்பிப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்கிறது. அந்த ஒரு விதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. துன்பம் கடுமையாக இல்லாத சோதனைகளுக்கும் அது வேண்டும் என்பதே என் வாதம்.

விலங்குச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவிடாமல் தடுக்கும் சாட்சி இந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ வட்டாரம். 1998இல் அங்குள்ள பன்றிப் பண்ணைகளில்தான் நிப்பா மூளைக்காய்ச்சல் முதலில் தலைகாட்டியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். அது வேறு என்று 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி சொன்னது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போயிருந்தது. நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரை அந்தக் கிருமி உலகெங்கும் கொண்டுபோயிற்று. இதற்கு மருந்து தேடுகிறவர்கள் மனிதருக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்க்க முடியாது. நோய் எப்போது, எங்கே தலைகாட்டும் என்று தெரியாததால், நோயாளிகளைத் திரட்டிச் சோதிக்கவும் முடியாது. எதிர்ப்புப்புரதம் உயிரைக் காக்குமா என்பதை ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கிலும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கிலும்தான் பார்த்தார்கள். அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரணுக்களைத் தட்டில் வளர்த்துச் சோதிப்பதும் கணினியில் கணிப்பதும் நாளுக்கு நாள் வளர்கின்றன. ஆனாலும் இரத்தம், நரம்பு, நுரையீரல் எல்லாம் சேர்ந்து ஒரு நோயை எப்படி எதிர்கொள்கின்றன என்பதைத் தட்டு முழுமையாகக் காட்டாது. பாராகுவாட் நுரையீரலைத் தேடிப் போகிறது என்பதைக்கூட முழு உடல்தான் காட்டிக்கொடுத்தது.

‘தோட்டக்காரன் கறி தின்கிறானே, அவனுக்கு எலியைப் பற்றி என்ன கவலை?’ என்று கேட்பவர்களும் உண்டு. மலேசியத் தோட்டங்களில் முனியாண்டிக்குக் கிடா வெட்டாத ஊர் குறைவு. ஆகவே இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கிடா வெட்டு சரியா என்பது தனி வழக்கு, அதிலும் எனக்கு மன உறுத்தல் உண்டு. ஆனால் அந்தச் சடங்கில் ஆய்வுக்கூடத்துக்கு இல்லாத இரண்டு நேர்மைகள் இருக்கின்றன. ஒன்று, வெட்டுவது ஊர் நடுவில், எல்லோரும் பார்க்க. கிடாயின் கண்ணைப் பார்க்காமல் யாரும் அதன் கறியைத் தின்பதில்லை. இன்னொன்று பங்கு. வரி கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு. ஒரு வீட்டுக்குப் பங்கு போகாமல் விட்டால் அது பல வருடச் சண்டை. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மருந்துப் புட்டிக்கு வாருங்கள். எலி செத்தது பூட்டிய அறையில். அந்தச் சாவிலிருந்து நிறுவனத்துக்கு விற்பனை உரிமம் கிடைத்தது, தோட்டத்துக்குக் களை இல்லாத வரிசை கிடைத்தது, நமக்குப் புழு இல்லாத முட்டைக்கோசு கிடைத்தது. மருந்தடித்தவளின் வீட்டுக்கு எந்தப் பங்கு போனது? அந்த அறிவு யார் பெயரைச் சொல்லி வாங்கப்பட்டதோ அவளுக்கு, அவள் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கப்பட்ட துண்டுகூடப் போகவில்லை.

பங்கு சரியாகப் போய்ச் சேர்ந்த ஒரு கதையையும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு தேயிலை மலையில் நடந்ததுதான். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் நடுங்கிய ஊசிமருந்து அங்கே தயாரானது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் செலுத்தி, ஆடு கால் விளங்காமல் விழுந்த பிறகு கொன்று, அந்த மூளையிலிருந்து எடுத்த மருந்து. ஆட்டுக்கு அது கொடுமையான சாவு. மனிதருக்கும் முழு நன்மை இல்லை. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு ஊசியாலேயே கை கால் விளங்காமல் போனது. தலைமுறைகளாக இதுதான் போடப்பட்டது. பிறகு உயிரணு வளர்ப்பு முறை வந்தது. 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. வீரோ என்று பெயரிட்ட அந்த உயிரணு வரிசையில் கிருமியை வளர்த்து, 2001இல் குன்னூர் புதிய ஊசியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் இந்தியா ஆட்டுமூளை ஊசியை அடியோடு நிறுத்தியது. ஒரு குரங்கிலிருந்து வந்த உயிரணுக்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளின் இடத்தை எடுத்துக்கொண்டன. கடிபட்டவருக்கோ கையில் நாலைந்து ஊசி, வாதமும் இல்லை. விலங்கின் நலமும் மனிதரின் நலமும் எதிரெதிர்த் தட்டில் இருக்கின்றன என்று தராசைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் குன்னூரைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. தாமதம் மட்டுமே இருவருக்கும் பகை.

தேயிலை என்றதும் இன்னொன்றையும் குறிப்பிடலாம். தேநீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்வதற்குச் சான்று தேடி, லிப்டன் தேயிலையை விற்றுவந்த யூனிலீவர் நிறுவனம் விலங்குகள் மீது சோதனை செய்தது. பீட்டா அமைப்பின் எதிர்ப்புக்குப் பிறகு, தேயிலைக்காக இனி அப்படிச் செய்வதில்லை என்று 2011இல் அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் குடித்துவரும் கொழுந்துச் சாறு அது. அதற்காக ஒரு முயலைக்கூட அறுத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் தவளையையும் எலியையும் அறுப்பதை இதே அளவுகோலால் அளந்தால் விடை விரைவாக வந்துவிடுகிறது. அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்பது நூற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதை மறுபடி பார்க்க ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கூடை தவளை சாக வேண்டுமா என்பதே கேள்வி. சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் இந்திய மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை. புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமான இடத்தில், கற்பிப்பதற்காக விலங்குச் சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் அப்போதே சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைக் குறைக்கவும் 2014இல் நிறுத்தவும் சொல்லும்வரை அந்த வரி தூங்கியது. அறுக்காமல் மருத்துவர் எப்படி உருவாவார் என்று கேட்பவர்களுக்கு: மருத்துவர் மனித உடலில்தான் மனித உடலைப் படிக்கிறார், பல இடங்களில் தாமாக முன்வந்து உடலைக் கொடுத்தவர்களின் கொடையில். அங்கே சம்மதம் இருக்கிறது. பதினேழு வயது மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவராகப் போவதில்லை. கத்தியைப் பிடித்துத் தோலை விலக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களில் பலர் கற்பது, அருவருப்பை அடக்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான்.

சட்டத்துக்கு வருவோம். 2010இல் மலாக்காவின் ரெம்பியாவில், இந்திய நிறுவனம் ஒன்றின் பங்கேற்போடு நாய், குரங்கு ஆகியவற்றின் மீது மருந்துகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். கடவுள் குரங்கையும் எலியையும் படைத்ததே மனிதர் நலனுக்கான சோதனைக்காக என்ற பொருளில் அன்றைய முதலமைச்சர் பேசினார். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய சாஹாபாட் ஆலாம் மலேசியா உள்பட உள்நாட்டு, வெளிநாட்டு அமைப்புகள் எதிர்த்தன. அப்போது இங்கே ஆய்வுக்கூட விலங்குகளைக் காக்கத் தனி விதிமுறை இல்லை. அது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தோடு வந்தது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி ஆராய்ச்சி, சோதனை, கற்பித்தல் எதற்கும் விலங்கைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கேமரன் மலையில் அடிக்கப்படும் மருந்துகளுக்கான சோதனைகளில் பெரும்பாலானவை வேறு நாடுகளில் நடந்தவை. நம் விலங்கு நலச் சட்டத்தின் கை அங்கே எட்டாது. நம் கைக்கு எட்டுவது, 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். ஒரு மருந்தைப் பதிவு செய்ய வரும் நிறுவனம் சோதனை முடிவுகளோடுதான் வருகிறது. அந்த முடிவுகளைத் தொழிலாளர் கண்ணில் படும்படி திறந்து வைக்கலாம். ஒருமுறை செய்த முதுகெலும்பு விலங்குச் சோதனையை இன்னொரு நிறுவனம் திரும்பச் செய்யக் கூடாது, முடிவைப் பகிர வேண்டும் என்பது ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டு விதி. அதை இங்கே கொண்டுவர ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. வியாபார ரகசியம் என்ற திரையைக் கொஞ்சம் விலக்கினால் போதும்.

திரையை விலக்கத் தயங்குவதன் விலை என்ன என்பதற்குப் பாராகுவாட்டின் இடத்துக்கு வந்தவையே சாட்சி. கிளைபோசேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியபோது, மனிதரிடம் கிடைத்த சான்று குறைவு, விலங்குகளிடம் கிடைத்த சான்று போதுமானது என்றே எழுதியது. வேறு நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் பல இதை ஏற்கவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். குளுபோசினேட்டில் விவாதத்துக்கு அவ்வளவு இடமில்லை. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்துக்குக் கேடு தெரிந்ததால் ஐரோப்பாவில் அது கடும் எச்சரிக்கை வகுப்பில் சேர்ந்தது, 2018இல் அதன் அனுமதி காலாவதியாயிற்று. மலேசியத் தோட்டங்களில் அது புழங்குகிறது. கருவுற்ற எலிகள் சொன்ன செய்தியை ஐரோப்பிய வயல் கேட்டது. இங்குள்ள பெண்ணுக்கு அது இன்னும் சொல்லப்படவில்லை.

எலி சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு. அதற்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு மருந்து. காய்கறித் தோட்டத்துப் பீப்பாயில் புழுவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, இலையில் ஒட்ட ஒன்று என்று மூன்று நான்கு சேர்ந்துதான் கலக்கப்படுகின்றன. மழை கழுவி ஓடைக்குக் கொண்டுபோவதும் அந்தக் கலவையைத்தான். அதற்குக் கீழே செமாய் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. கலவைக்கு எல்.டி. 50 கிடையாது, நிறப்பட்டை கிடையாது. இன்னும் ஆயிரம் எலிகளைக் கொன்றாலும் இந்த இடைவெளி அடைபடாது, ஏனென்றால் கலவைகளுக்கு முடிவில்லை. இங்கே தேவைப்படுவது, மருந்தடிக்கிறவர்களின் இரத்தத்தை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுப்பது. ஓடைத் தண்ணீரைத் தொடர்ந்து அளந்து அறிவிப்பது. எந்த விலங்கும் சாகாமல் கிடைக்கும் அறிவு இது; சேகரிக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

புட்டிக்குத் திரும்புவோம். மலேசியப் பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கை மலாயில் இருக்கும், ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் இருக்கும். தோட்டத்தில் தமிழர் நிறைந்திருந்த காலத்து ஏற்பாடு அது, உழைப்பாளிக்குக் கிடைத்த மிகச் சிறிய பங்கு. அந்த மக்களின் பிள்ளைகள் மலையிறங்கி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். இன்று திரிங்காப்பின் சரிவுகளில் பம்பைச் சுமப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். புட்டியில் வங்காள மொழி இல்லை. நேப்பாளியும் இல்லை.